கழுகுமலை, எல்லோரா: பழைய வரி ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன்

சில வருடங்களுக்கு முன்பு இதே பக்கத்தில் கழுகுமலை வெட்டுவான் கோயில் பற்றி ஒரு குறிப்பு போட்டிருந்தேன். அதில் இப்படி ஒரு வரி: எல்லோராக்காரர்களுக்கு வாய்த்தது மென்மையான எரிமலைக் கல், நமக்கு வாய்த்தது கருங்கல், அதனால்தான் அங்கே கைலாசநாதர் எழும்பி நிற்கிறார், இங்கே வெட்டுவான் கோயில் பாதியில் நின்றுபோனது. எழுதும்போது ரொம்பப் பெருமையாகத்தான் இருந்தது. நண்பர்கள் நாலைந்து பேர் அந்த வரியை மட்டும் எடுத்துப் பகிர்ந்தார்கள். கேட்கவும் நன்றாக இருக்கிறது, நம் ஊர்ச் சிற்பிக்குக் கூடுதலாக ஒரு மாலையும் விழுகிறது. வேறென்ன வேண்டும்?

அந்த வரி தப்பு. முழுத் தப்பு இல்லை, ஆனால் முக்கால்வாசி தப்பு. இதை எனக்கு முதலில் உணர்த்தியது புத்தகம் இல்லை, மாமல்லபுரத்தில் ஒரு கல் தச்சர். எழுபது வயதிருக்கும். அவர் பட்டறைக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது இந்த விஷயத்தை எடுத்துவிட்டேன். எல்லோராவுல எல்லாம் ஈசியான கல்லுதானே ஐயா, என்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க அந்தக் கல்லைக் கொத்திப் பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க ஐயா."

"நான் பூனா பக்கம் ஒரு கோயில் வேலைக்குப் போய் எட்டு மாசம் இருந்திருக்கேன். அந்த ஊர்க் கறுப்புக் கல்லு சும்மா இல்ல. சில எடத்துல உளி வழுக்கும். நம்ம கல்லாவது ஓட்டம் பாத்து ஆப்பு வச்சா பொளந்துக்கும். அது சொன்ன பேச்சு கேக்காது. அஞ்சடி தள்ளிப் போனா அதே கல்லு பொரிஉருண்டை மாதிரி உதிரும். எது எங்க இருக்குன்னு தெரியணும். அதான் வேலை."

இந்த நாலு வாக்கியத்தைச் சரிபார்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'கருங்கல்' என்று நாம் சொல்வது ஒரே கல்லை இல்லை. மதுரைப் பக்கத்து வெளிர் சாம்பல் கல்லும் கருங்கல்தான், இளஞ்சிவப்பு ஓடிய கல்லும் கருங்கல்தான், பல்லாவரத்து நீலக் கறுப்புக் கல்லும் கருங்கல்தான். செங்கல்லாகவோ சுண்ணாம்புக் கல்லாகவோ மணற்கல்லாகவோ இல்லாத, உளி பட்டால் கணீரென்று சத்தம் வருகிற எல்லாமே நமக்குக் கருங்கல். சிற்ப நூல்களும் கல்லைச் சத்தத்தை வைத்துத்தான் ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று பிரிக்கின்றன. வேலை செய்பவனுக்கு அந்தப் பிரிவு போதும். புவியியலாளருக்குப் போதாது.

கடைக்காரர்கள் இதை இன்னும் குழப்பிவிட்டார்கள். வீட்டுச் சமையல் மேடைக்கு நாம் போடும் பளபளவென்ற கறுப்புக் கல்லைக் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் குன்னம் பக்கத்திலிருந்து வரும் கறுப்புக் கல்லுக்கு வெளிநாடு வரை பெயர். ஆனால் அது கிரானைட்டே இல்லை. டோலரைட் என்ற வகை, பசால்ட்டின் கூடப்பிறந்த தம்பி என்று சொல்லலாம். அதாவது எல்லோரா கல்லின் நெருங்கிய சொந்தக்காரன் மேல்தான் தமிழ்நாட்டில் பாதிப் பேர் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருக்கிறோம். அது மென்மையான கல் என்று ஒரு முறையாவது யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருவோம். கிரானைட், பசால்ட் இரண்டுமே தீப்பாறைகள். உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகியவை. குழம்பு பூமிக்கு மேலே வராமல் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே லட்சக்கணக்கான வருடம் மெதுவாக ஆறினால் படிகங்களுக்கு வளர நேரம் கிடைக்கிறது. கண்ணால் பார்க்கும் அளவுக்குப் பெரிய மணிகள் உண்டாகின்றன. அது கிரானைட். குழம்பு எரிமலைப் பிளவு வழியாக வெளியே வழிந்து காற்றுப்பட்டுச் சீக்கிரம் ஆறினால் படிகங்கள் பொடிப்பொடியாக நின்றுவிடுகின்றன. அது பசால்ட். சரக்கும் வேறு. கிரானைட்டில் சிலிக்கா சுமார் 70 சதவீதம், அதில் கணிசமான பகுதி தனியாகக் குவார்ட்ஸ் மணிகளாகவே இருக்கும். பசால்ட்டில் சிலிக்கா 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இரும்பும் மக்னீசியமும் கூடுதல், அதனால் நிறம் கறுப்பு, எடையும் கொஞ்சம் அதிகம். குவார்ட்ஸ் பொதுவாகக் கண்ணில் படாது.

அந்தக் குவார்ட்ஸ்தான் உளிக்கு எமன். இரும்பு உளியின் முனையைவிடக் குவார்ட்ஸ் மணி கடினமானது. கிரானைட்டைக் கொத்தினால் உளி சீக்கிரம் மழுங்கும். பக்கத்திலேயே உலை வைத்து, உளியைக் காய்ச்சி அடித்துக் கூராக்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். நான் எழுதிய வரிக்கு ஆதாரமாக இருந்தது இந்தப் பாதி உண்மைதான். மறுபாதி: கெட்டியான பசால்ட்டின் பொடி மணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் அது கிரானைட்டுக்குச் சளைத்ததில்லை. பல சமயம் அதைவிட அதிகம். மும்பை, புனே பக்கம் ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் ஜல்லி அடிப்பது இந்தக் கல்லில்தான். மென்மையான கல்லை யாரும் ரயிலுக்கு அடியில் கொட்ட மாட்டார்கள்.

அப்படியானால் தமிழ்நாட்டுக் கல் கிரானைட்டா? இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், ஏனென்றால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னக்கின் கல்லறை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1693 ஜனவரியில் செத்துப்போனவர். நெடுங்காலம் கல்கத்தாவை உண்டாக்கியவர் என்ற பட்டம் அவருக்கு இருந்தது; 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தப் பட்டத்தைப் பறித்துவிட்டது. அவர் கல்லறையில் லத்தீனில் எழுதிப் பதித்த கறுப்புக் கல் பலகை ஒன்று உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அதை ஆராய்ந்து, இது வங்காளக் கல்லே இல்லை, சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கிற கல் என்று சொன்னார். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் எல்லாம் கிரானைட்டில் இருப்பது போலவே இருக்கிறது. ஆனால் கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருக்கிறது, சாதாரண கிரானைட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே புதுப் பெயர் வேண்டும். செத்தவர் பெயரையே வைத்தார்: சார்னக்கைட். 1900-இல் தென்னிந்தியாவில் இந்தக் குடும்பம் எங்கெல்லாம் பரவிக்கிடக்கிறது என்று ஒரு பெரிய நூலே எழுதிவிட்டார். பரங்கிமலையில் தினம் படியேறிப் போகிறவர்கள் காலடியில் இருப்பது, உலகத்துப் பாறை இயல் புத்தகங்களில் எல்லாம் இடம்பிடித்த கல்.

புதிதாக உடைத்த சார்னக்கைட்டைப் பார்த்தால் எண்ணெய் தடவினது போல ஒரு மினுக்கு இருக்கும், நீலமும் பச்சையும் கலந்த கறுப்பு. வெயிலும் மழையும் பட்டு நாளானால் அந்த மினுக்கு போய்ப் பழுப்புச் சாம்பலாகிவிடும். மாமல்லபுரத்துப் பாறைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. பயணக் கையேடுகளில் எல்லாம் கிரானைட் என்று போட்டிருப்பார்கள். பேச்சு வழக்குக்கு அது பரவாயில்லை.

ஹாலண்ட் இதைத் தீப்பாறை என்றுதான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். பூமியின் ஆழத்தில் மிக அதிகமான வெப்பத்தில், நீர்ப்பசை கிட்டத்தட்ட இல்லாத நிலையில், ஏற்கெனவே இருந்த பாறை மறுபடி படிகமானதுதான் இது என்றார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற சண்டை. இப்போது ஏறத்தாழ இரண்டு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்: சில சார்னக்கைட்டுகள் நேராகக் குழம்பிலிருந்தே வந்தவை, பல தீப்பாறையாகப் பிறந்து பிறகு உருமாறியவை. சென்னைப் பக்கத்துக் கல்லுக்குச் சுமார் 250 கோடி வயது. தக்காணத்து பசால்ட் வழிந்தது சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன்னால்தான். நம் கல்லுக்கு முன்னால் அது தொட்டில் குழந்தை.

இப்போது தக்காணத்துக்கு. அங்கே குழம்பு ஒரே தடவையில் வரவில்லை. வழிந்து, ஆறி, மறுபடி அதன் மேல் வழிந்து, இப்படி அடுக்கு அடுக்காகச் சேர்ந்தது. இன்றைக்கு மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் மொத்தக் கனம் 2 கிலோமீட்டருக்கும் மேல். தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவு படிக்கட்டு போலத் தெரியும். ஐரோப்பியர்கள் இதற்கு வைத்த 'ட்ராப்' என்ற பெயருக்கு அர்த்தமே படிக்கட்டுதான்.

ஒவ்வொரு அடுக்குக்குள்ளேயும் ஒரு மேல்-கீழ் உண்டு. குழம்பில் கரைந்திருந்த வாயு, குமிழாக மேலே ஏறும். ஆறும்போது மேல்பகுதி முழுக்க ஓட்டை ஓட்டையாக, பொங்கிய ஆப்பம் போல நின்றுவிடும். கீழ்ப்பகுதி கெட்டியாக இறுகும். பிறகு நிலத்தடி நீர் அந்த ஓட்டைகளில் ஜியோலைட், கால்சைட், குவார்ட்ஸ் என்று வெள்ளை வெள்ளையாகக் கனிமங்களைக் கொண்டுவந்து நிரப்பும். ஓட்டை நிறைந்த மேல்பகுதி சீக்கிரம் உளுத்துப்போகும், உளிக்குச் சுலபமாக வரும். கெட்டிப் பகுதி வராது. கல் தச்சர் சொன்ன "அஞ்சடி தள்ளிப் போனா பொரிஉருண்டை" என்பதன் விஞ்ஞானம் இதுதான்! அவர் அடுக்கு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அஜந்தாவுக்குப் போகிறவர்கள் ஓவியத்தைப் பார்க்கிறார்கள். நான் அடுத்த முறை போனபோது ஓவியம் உதிர்ந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளிக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது. சுவர் வழவழப்பாகவே இல்லை. குமிழ் இருந்த குழிகள், உளி விட்ட கீறல்கள். அதன் மேல் மண்ணையும் நாரையும் உமியையும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு தேய்த்து, பிறகுதான் வண்ணம். அந்தச் சொரசொரப்புதான் மண் பூச்சைப் பிடித்து வைத்தது. வண்ணங்களில் ஒன்றான பச்சை மண்ணும் இதே பசால்ட்டின் குழிகளிலிருந்து கிடைப்பதுதான். கல் அவர்களுக்குச் சுவராகவும் இருந்திருக்கிறது, சாயமாகவும் இருந்திருக்கிறது. அதே கல் இன்றைக்குத் தொல்லையும் கொடுக்கிறது: வெடிப்புகள் வழியாக மழைநீர் இறங்குகிறது, ஜியோலைட் உதிரும்போது மேலே இருப்பதையும் இழுத்துக்கொண்டு விழுகிறது.

எப்படி வெட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள முடிந்த வேலையைப் பார்த்துப் பிரயோசனமில்லை, முடியாததைப் பார்க்க வேண்டும். மாமல்லபுரம் இதற்குப் பொக்கிஷம். பாதியில் விட்ட குடைவரைகளில் பாறை முகம் முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டிருப்பார்கள். கட்டத்தைச் சுற்றி ஆழமாகப் பள்ளம் பறித்து, நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் சதுரத்தைத் தட்டி உடைத்து எடுப்பது. மறுபடி அடுத்த வரிசை. கே. ஆர். சீனிவாசன் 1964-இல் வந்த பல்லவர் குடைவரைகள் பற்றிய நூலில் இந்தக் கோயில்களை ஒவ்வொன்றாக அளந்து எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அதை விட்டால் வேறு வழியில்லை. ஊரைச் சுற்றியுள்ள பாறைகளில் ஆப்பு வைக்கத் துளைத்த குழிகளும் வரிசையாக நிற்கும். ஆப்பு வேலை எந்தக் காலத்தது என்று குழியை மட்டும் பார்த்துச் சொல்வது அபாயம். அந்தத் தொழில் இன்று வரை நடக்கிறது.

அஜந்தாவில் 24-ஆம் குகை. முடிந்திருந்தால் அங்கேயே மிகப்பெரிய விகாரங்களில் ஒன்றாகியிருக்கும். அங்கே கட்டம் இல்லை. முதலில் நீளமாகச் சந்து சந்தாகப் பறித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள், பிறகு சந்துகளுக்கு நடுவே நிற்கும் சுவர்களை உடைப்பதாகத் திட்டம். கூர் உளியின் நீண்ட கோடுகள் இன்றும் தெரிகின்றன. இரண்டு கல், இரண்டு பழக்கம்.

கவனியுங்கள், அந்த 'மென்மையான' கல்லிலும் வேலை நின்றுபோயிருக்கிறது! 24 மட்டுமில்லை. 5-ஆம் குகை, 29-ஆம் குகை என்று அஜந்தா முழுக்கப் பாதி வேலைகள். புரவலன் செத்தான், பணம் நின்றது, வேலை நின்றது. ஹரிசேனன் காலத்தோடு சேர்த்து வால்டர் ஸ்பிங்க் சொன்ன கதையை எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் உளி நின்றதற்குக் காரணம் கல் என்று அவரும் சொல்லவில்லை, அவரை மறுப்பவர்களும் சொல்லவில்லை. நான் மட்டும்தான் கழுகுமலைக்கு அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் இதைவிட வலுவானது. பீகாரில் கயாவுக்குப் பக்கத்தில் பராபர் குன்றுகள். அசோகன் காலத்தில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில், ஆசீவகர்களுக்காக வெட்டிய குகைகள். அசல் கிரானைட். உள்சுவரில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மெருகு. இந்தியக் குடைவரைகளின் வரலாறே கடினமான கல்லில்தான் ஆரம்பிக்கிறது. கடினம் என்பதால் முடியாது என்றால் முதல் அத்தியாயமே எழுதப்பட்டிருக்காது.

அப்படியானால் கல்லுக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது கடினத்தில் இல்லை, பாறை நிற்கும் விதத்தில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். தக்காணத்தில் அடுக்குகள் படுத்துக்கிடக்கின்றன, ஆறு அவற்றை அரிந்து நீளமான செங்குத்துச் சரிவுகளை விட்டிருக்கிறது. எல்லோராவில் அந்தச் சரிவு சுமார் 2 கிலோமீட்டர் போகிறது, 34 குகைகள் அதில் வரிசையாக. எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகலாம், பின்னால் மலை இருக்கிறது. தொண்டை மண்டலத்தில் அப்படி இல்லை. மண்ணிலிருந்து முதுகை மட்டும் காட்டும் தனித்தனிப் பாறைகள், வெங்காயத் தோல் போல உரிந்து உருண்டையான குண்டுகள். ஐந்து ரதங்களைப் பாருங்கள். நான்கு ரதங்கள் ஒரே வரிசை; தெற்கே தர்மராஜ ரதம் பெரியது, வடக்கே போகப்போகச் சின்னதாகிக் கடைசியில் திரௌபதி ரதம் ஒரு குடிசை. பாறையின் முதுகு அப்படிச் சரிந்திருந்தது, கோயில்களும் சரிந்தன. அர்ச்சுனன் தபசில் நடுவே ஓடுகிற வெடிப்பும் இயற்கையாக இருந்ததுதான். அதை ஆறாக்கி நாகர்களை இறக்கிவிட்டான் சிற்பி. பாறை கொடுத்த இடத்துக்குள் வேலை.

இன்னொன்று பழக்கம். மேற்குத் தக்காணத்தில் பாஜா, கார்லா என்று கி.மு. 2-ஆம், 1-ஆம் நூற்றாண்டுகளிலிருந்தே பசால்ட்டைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கார்லாவில் தூணுக்குத் தூண் கொடையாளி பெயர், யவனர்கள்கூட இருக்கிறார்கள். கணவாய் வழியாகப் போன வணிகப் பணம். கைலாசநாதருக்கு முன்னால் எட்டு, ஒன்பது நூற்றாண்டுப் பயிற்சி. நம் பக்கம் மாங்குளம் போன்ற இடங்களில் அதே பழங்காலத்தில் பிராமிக் கல்வெட்டும் படுக்கைகளும் இருக்கின்றன, ஆனால் அது இயற்கைக் குகையைச் செதுக்கிச் சரிப்படுத்தினது. பாறையையே கோயிலாகக் குடைவது பெரிய அளவில் தொடங்குவது கி.பி. 600-ஐ ஒட்டித்தான். மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறான். புதுசாக ஒன்றைச் செய்தவனின் குரல் அது.

சரி, கடைசியாக அந்த இரண்டு கோயில்கள்.

ஒரு வேடிக்கை, கைலாசநாதர் வடிவம் தெற்கிலிருந்து போனது. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் ராஜசிம்மன் காலத்தது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் அதே கோயிலில் கன்னடக் கல்வெட்டு ஒன்றை விட்டுவிட்டுப் போனான். அவன் ராணி லோகமாதேவி பட்டடக்கல்லில் விருபாக்ஷர் கோயில் எடுத்தாள், அதுவும் மணற்கல். சாளுக்கியரை வீழ்த்திய ராஷ்டிரகூடர்கள் அந்த வடிவத்தை எல்லோராவுக்குக் கொண்டுபோய், முதலாம் கிருஷ்ணன் காலத்தில் (சுமார் 756–773) மலை உச்சியிலிருந்து கீழ்நோக்கி பசால்ட்டில் வெட்டினார்கள். சுண்ணாம்பு பூசி வண்ணமும் தீட்டியிருந்தார்கள். அதனாலேயே ஊரில் அதற்கு 'ரங் மகால்' என்று ஒரு பெயர். வேலை ஒரே ராஜா காலத்தில் முடியவில்லை, பின்னாலும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பள்ளத்தின் நீளம் சுமார் 84 மீட்டர், அகலம் 47, பின்சுவர் உயரம் 30-க்கும் மேல். முன்பக்கம் தாழ்வாக இருப்பதால் சராசரி ஆழம் 20 என்று வைத்து, உள்ளே நிற்கும் கோயிலைக் கழித்து, நானே ஒரு உத்தேசக் கணக்குப் போட்டேன். வெளியே எடுத்த கல் ஒன்றரை லட்சம் டன்னைச் சுற்றி வருகிறது. இதெல்லாம் ஓட்டைக் கல்லாக மட்டும் இருக்க வழியில்லை. 30 மீட்டர் இறங்கினால் கெட்டியும் வரும், உளுத்ததும் வரும், வெடிப்பும் வரும். மேலிருந்து கீழே வெட்டுகிறவனுக்கு அடுத்த அடுக்கு எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. கோபுரத்தை முடித்துவிட்டு இறங்கும்போது யானை வரிசை வர வேண்டிய இடத்தில் உதிரிப் பாறை வந்தால் என்ன செய்வது? தூக்கி எறிந்துவிட்டு வேறு கல் வைக்க முடியாது. சார்னக்கைட்டிலோ கிரானைட்டிலோ ஒரு நன்மை: பாறை மேலே நன்றாக இருந்தால் கீழேயும் பெரும்பாலும் அதேதான். தட்டிப் பார்த்து நம்பலாம்.

கழுகுமலை இதே வித்தையைச் சின்ன அளவில் செய்தது. பாண்டியர் பணி, அதே 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. மலையில் மூன்று பக்கமும் பள்ளம் வெட்டி, ஏழெட்டு மீட்டர் இறங்கி, நடுவில் ஒரு விமானத்தை விட்டிருக்கிறார்கள். யாருக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள், நானும் அதில் இறங்கவில்லை. மேலே சிகரம், யாளிகள், மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி எல்லாம் முடிந்திருக்கிறது. கீழே சுவரும் அடித்தளமும் மொட்டையாக நிற்கிறது. அப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி, பொறாமையில் அப்பன் மகனை உளியால் அடித்துக் கொன்றான், அதனால் வேலை நின்றது என்று ஊரில் ஒரு கதை உண்டு. என் 'கடினமான கல்' கதையைவிட அந்தக் கதை ஒருவிதத்தில் மேல். நின்றதற்கு மனிதனைக் காரணம் சொல்கிறது.

மேல்பாதியைப் பார்த்தால் கல்லோடு மல்லுக்கட்டிய தடயமே இல்லை. முத்துச்சரத்தின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிகிறது. 1200 வருட வெயிலுக்குப் பிறகும். இப்படிச் செதுக்கத் தெரிந்தவனுக்கு மொட்டைச் சுவரைச் சமன்செய்வதா கஷ்டம்? கஷ்டமான பாதியை முடித்துவிட்டு, சுலபமான பாதியில் நிறுத்தியிருக்கிறான்.

போன மார்கழியில் அந்தக் கல் தச்சரையும் கழுகுமலைக்குக் கூட்டிப்போனேன். மலை ஏற அவருக்குக் கொஞ்சம் சிரமம், உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் நின்று அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இறங்கி, மொட்டைச் சுவரில் இருந்த உளித் தழும்புகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இங்க ரெண்டு கை வேலை செஞ்சிருக்கு தம்பி. ஒருத்தன் எடக்கை."

எனக்கு எல்லாத் தழும்பும் ஒன்று போலத்தான் தெரிந்தன. விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். இடப்பக்கச் சாய்வு, வலப்பக்கச் சாய்வு. ஒரு இடத்தில் இரண்டும் சந்தித்து நின்றுவிட்டன.

பழைய குறிப்பில் அந்த வரியை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இந்தக் கட்டுரைக்கு வழி காட்டியிருக்கிறேன். பகிர்ந்த நண்பர்கள் இதையும் பகிர்ந்தால் கணக்கு நேராகும்.